பாலத்தில் படித்த ஐந்து வரி

எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவனுக்குத்தான் முன்னால் போகிறவனுடைய முதுகின் அருமை தெரியும். மற்றவர்கள் சும்மா தலையை ஆட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அந்த ஆற்றுப் பாலம் ஒன்றரை மைல் நீளம். காலை ஆறரை மணிக்கு அதன்மேல் அடிக்கிற காற்றுக்கு மனுஷன் மேல் அப்படி என்ன கோபமோ, நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். அதனால் தினமும் அந்த நேரத்துக்கு அக்கரைக்கு வேலைக்குப் போகிற நாலு பேர் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஒருவர் முன்னால் போய் முழுக் காற்றையும் வாங்கிக்கொள்வார். மற்ற மூவரும் அவர் முதுகுக்குப் பின்னால் வரிசையாக ஒட்டிக்கொள்வார்கள். பத்து விளக்குக் கம்பத்துக்கு ஒருமுறை ஆள் மாறும். முன்னால் இருப்பவர் பள்ளம் கண்டால் "பள்ளம்!" என்று கத்த வேண்டும், கண்ணாடிச் சில்லு கிடந்தால் "சில்லு!" என்று கத்த வேண்டும். இதையெல்லாம் யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. ஒருநாள் ஒருவர் கத்தினார், மறுநாள் எல்லோரும் கத்தினார்கள்.

நாலு பேரில் மூத்தவர் பேக்கரி அக்கா. அக்கரையில் ரொட்டி பேக்டரியில் வேலை. முந்தின நாள் உடைந்துபோன பன்களைக் காகிதப் பையில் போட்டு ஹாண்டில்பாரில் தொங்கவிட்டுக்கொண்டு வருவார். மற்ற மூவரும் இரும்புக் குழாய்த் தொழிற்சாலை. லேட்டு, ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிறவன். தினமும் ஐந்து நிமிஷம் பிந்தி, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வருவான். மற்றவர்கள் பாலத்தடியில் நின்று அவனை வாய் ஓயத் திட்டுவார்கள், ஆனால் விட்டுவிட்டுப் போகமாட்டார்கள். கொக்கி, கிரேனுக்குக் கீழே நின்று குழாய்க் கட்டுகளைச் சங்கிலியில் மாட்டிவிட்டு, தூக்கு, நிறுத்து, இறக்கு என்று மேலே இருப்பவருக்குக் கையால் சைகை காட்டுகிறவன். அந்த மேலே இருப்பவர்தான் நாலாவது ஆள், ஆகாசம். நாற்பதடி உயரத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு வேறு என்ன பட்டம் வைப்பார்கள்? மூன்று மாதமாக அவர் கடைசியில்தான் வருகிறார். முட்டி வலி என்று சொல்லியிருந்தார், அதனால் முன்னால் போகும் முறையை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

முட்டியாவது, வலியாவது! முட்டி கல் மாதிரி இருந்தது. போனது கண்.

முழுக்கப் போய்விடவில்லை, அதுதான் கொடுமை. ஓரமெல்லாம் தெரியும். நடுவில் மட்டும் ஆவி படிந்த கண்ணாடி போல ஒரு வட்டம். எதை நேராகப் பார்க்கிறாரோ அது மறைந்துவிடும். மகளைப் பார்த்தால் காது தெரியும், தோள் தெரியும், முகம் இருக்காது. யாருக்கும் தெரியாமல் இரண்டு கண் ஆஸ்பத்திரிகளுக்குப் போய்வந்தார். கண்ணாடி போட்டாலும் பிரயோஜனமில்லை, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளப் பாருங்கள் என்று இரண்டு இடத்திலும் ஒரே பாட்டு. வீட்டில் மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. பெரியவள் இந்த வருஷம்தான் காலேஜில் சேர்ந்திருக்கிறாள். நாற்பத்தேழு வயதில், கிரேனைத் தவிர வேறொன்றும் தெரியாத ஆளை, அதுவும் பார்வை போன ஆளை, எவன் வேலைக்கு வைத்துக்கொள்வான்? வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு மனுஷன் நடமாடிக்கொண்டிருந்தார்.

முன்னால் மூன்று பேர் பள்ளம், சில்லு என்று கத்திக்கொண்டு போனால் சைக்கிளுக்கு ஓரப் பார்வை போதும். கிரேனுக்குப் போதாது. அது அவருக்கும் தெரியும், இல்லையென்று சொல்லவில்லை. கொக்கியின் கையைப் பாதி பார்த்தும் பாதி ஊகித்தும், கோழி மாதிரி தலையைச் சாய்த்துச் சாய்த்தும் நாட்களைத் தள்ளினார். ஒருமுறை குழாய்க் கட்டு தூணில் மோதியது. பிரேக் நழுவிவிட்டது என்று சாதித்துவிட்டார். பேக்கரி அக்கா வேறு, முட்டிக்குத் தேய்க்க ஒரு புட்டி எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார். நாளைக்குக் கேட்பாரே என்று நல்ல முட்டிக்குத் தினமும் எண்ணெய் தேய்த்துக்கொண்டார் ஆகாசம். பொய்க்குக்கூட அவ்வளவு மரியாதை.

அந்தத் திங்கட்கிழமை, பாலத்தின் நடுவில், முன்னால் போய்க்கொண்டிருந்த கொக்கி தலையைத் திருப்பாமலே சொன்னான். "வெள்ளிக்கிழமை கிரேன் ஆளுங்களுக்குக் கண் டெஸ்டாம். தேறலைன்னா அன்னைக்கே கீழ இறக்கிடுவாங்களாம்."

ஆகாசத்துக்குக் கால் நின்றுவிட்டது. காற்று அவரை வரிசையிலிருந்து பிய்த்து எடுத்தது. மூவரும் சைக்கிளை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னப்பா, முட்டியா?" என்றார் அக்கா.

இனி முட்டியை வைத்து ஓட்ட முடியாது. பாதி உண்மையை எடுத்துவிட்டார். "டெஸ்டுன்னதும் பக்குனு ஆயிடுச்சுக்கா. பொடி எழுத்து கொஞ்சம் ஆடுது. ஆளெல்லாம் நல்லாத்தான் தெரியுது, எழுத்துதான்."

லேட்டு சிரித்துவிட்டான். "இதுக்கா இப்படி மூஞ்சிய வச்சிருக்கீங்க? அந்தப் பலகைய என் ஸ்டோருக்குப் பக்கத்து ரூம்லதாண்ணே மாட்டியிருக்காங்க. மொத்தம் அஞ்சு வரி, எல்லாம் நம்பர். நாளைக்கு மனப்பாடமா கொண்டாந்துடறேன். கவலைய விடுங்க."

செவ்வாய்க்கிழமை லேட்டு எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றான். அக்கா பதறிப்போய் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "என்னடா, காய்ச்சலா?"

"நம்பர் மறந்துடும்னு ஓடியாந்தேங்க்கா!"

அதற்கப்புறம் மூன்று நாள் அந்தப் பாலம் பள்ளிக்கூடமாகிவிட்டது. லேட்டு காற்றை மீறிக் கத்துவான், "ஏழு!" மற்றவர்கள் பின்பாட்டு, "ஏழு!" "நாலு ஒம்பது!" "நாலு ஒம்பது!" ஐந்தாவது வரிதான் நாக்கைச் சுழற்றியது. ஒம்பது, அஞ்சு, மூணு, எட்டு, நாலு. தப்பாகச் சொல்கிறவர் கூடுதலாகப் பத்துக் கம்பம் முன்னால் போக வேண்டும் என்று அக்கா சட்டம் போட்டார். ஆகாசம் தப்பு விடவில்லை, கொக்கிதான் தப்புத் தப்பாகச் சொல்லி நாக்குத் தள்ள மிதித்தான். "டெஸ்ட் உனக்கா எனக்காய்யா?" என்று அவன் கேட்டதற்கு அக்கா சிரித்த சிரிப்பில் பன் பை ஆற்றில் விழப் பார்த்தது. எதிரே வந்த பள்ளிக்கூட டீச்சர் ஒருவர், தினமும் சைக்கிள் மணியை ஒருமுறை அடித்துவிட்டுப் போகிறவர், இவர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தோ என்னவோ அன்றைக்கு மூன்று முறை அடித்தார்.

ஆகாசமும் சிரித்தார். மூன்று மாதத்துக்கப்புறம் வந்த சிரிப்பு அது. சிரித்த வாய் மூடுவதற்குள், இவ்வளவு நல்ல மனுஷர்களைப் பச்சையாக ஏமாற்றுகிறோமே என்று அழுகையாக வந்தது. சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு, "மூணு ஆறு ஏழு ரெண்டு," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா தன் பேக்டரி வாசலில் பிரியும்போது பன் பையை லேட்டிடம் கொடுத்தார். "தேறினதும் அவருக்குக் குடு. முழு பன்னு, உடைஞ்சது இல்ல."

டெஸ்ட் முடிய ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டில் நிற்கச் சொன்னாள் நர்ஸ். எதிர்ச் சுவரில் வெள்ளையாக ஏதோ இருந்தது. அதற்கு நடுவில் ஒன்றுமே இல்லை. ஒரு கண்ணை மூடி மேலிருந்து கீழே ஒப்பித்தார், மறு கண்ணை மூடி ஒப்பித்தார். வேண்டுமென்றே நாலாவது வரியில் கொஞ்சம் தயங்கிக்கூடக் காட்டினார். நர்ஸ் சீட்டில் எழுதிக்கொண்டே, "கழுகுக் கண்ணு சார் உங்களுக்கு," என்றாள். ஜன்னலுக்கு வெளியே கொக்கி விசில் அடித்தது கேட்டது.

பத்து மணிக்கு ஆகாசம் கூண்டில் ஏறினார். தப்பித்தாயிற்று, இன்னும் ஒரு வருஷத்துக்கு யாரும் கேட்கமாட்டார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்படியானால் ஏன் நெம்புகோலைத் தொட மனசு வரவில்லை?

முதல் கட்டு. இரண்டு டன் குழாய். தூக்கினார், நகர்த்தினார், இறக்க ஆரம்பித்தார். தலையைச் சாய்க்க மறந்துபோய், கொக்கி எங்கே நிற்பானோ அந்த இடத்தையே உற்றுப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அங்கே கண்ணின் புகைவட்டம்தான் இருந்தது. பக்கத்துக் கொட்டகையில் குழாய் அறுக்கிற சத்தத்தில் கூண்டுக்குள் வேறெதுவும் கேட்காது. கொக்கி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்ததும் அந்தப் புகைக்குள்தான். அவருக்கு எப்படித் தெரியும்?

கண் வலித்தது. ஒரு நொடி பார்வையைத் தூண் பக்கம் திருப்பினார். அப்போதுதான் ஓரத்தில் தெரிந்தது. இறங்கிக்கொண்டிருக்கிற கட்டுக்கு நேர் கீழே ஒரு ஆள். கையில் காகிதப் பை. மேலே பார்த்து அதை ஆட்டிக்கொண்டிருந்தான்.

நெம்புகோலை இழுத்த இழுப்பில் தோள்பட்டை கழன்றதுபோல் இருந்தது. கட்டு குலுங்கி நின்றது. ஒரு குழாயின் முனை லேட்டின் தொப்பியைத் தட்டிவிட்டது. தொப்பியை மட்டும்தான்.

ஏணியில் எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. லேட்டு தரையில் உட்கார்ந்திருந்தான். பன்கள் கிரீஸில் உருண்டு கிடந்தன. கொக்கி பாய்ந்து வந்து ஆகாசத்தின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"நிறுத்து நிறுத்துன்னு ரெண்டு கையையும் காட்டறேன், என்னையே பாத்துக்கிட்டு எறக்கறியே, குடிச்சிருக்கியா?"

"உன் கை எனக்குத் தெரியலைய்யா."

"என்னது?"

"தெரியல. மூணு மாசமாத் தெரியல. உன் மூஞ்சியும் தெரியல. எழுத்து ஆடுதுன்னு சொன்னது பொய். எதைப் பாக்கறேனோ அது இல்ல."

கொக்கியின் பிடி தளர்ந்தது. அப்புறம் ஓங்கி ஒரு அறை விட்டான். "மூணு மாசமா நான் கீழ நிக்கறேன்! எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்குடா பாவி!" அது வரைக்கும் அவரை வாய்யா போய்யா என்றுதான் பேசியிருக்கிறான், டா போட்டதில்லை. அறைந்த கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

லேட்டு மெல்ல எழுந்தான். உதடு வெளுத்திருந்தது. "நாந்தான சொல்லிக் குடுத்தேன்," என்றான். "நானே சொல்லிக் குடுத்துட்டு நானே வந்து கீழ நின்னிருக்கேன்." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "யாரும் பாக்கலண்ணே. நான் எதையும் சொல்லமாட்டேன். கொக்கி அண்ணன் நாளையிலேர்ந்து கூண்டுக்குள்ள உங்க காதுகிட்ட ஒரு மணி கட்டிவிடட்டும், கயிறு கீழ இருக்கட்டும். ஒரு இழுப்புன்னா தூக்கு, ரெண்டுன்னா நிறுத்து. ஓட்டிடலாம். பாப்பா படிப்பு முடியற வரைக்கும்."

சாவு தலையைத் தடவிவிட்டுப் போய் ஐந்து நிமிஷம் ஆகவில்லை, பையன் யோசனை சொல்கிறான்! கொக்கி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். அவன் முகம் ஆகாசத்துக்குத் தெரியவில்லை. ஆனால் அவன் மறுத்துப் பேசவில்லை. அதுதான் ஆகாசத்தை அறையைவிட அதிகமாகப் பயமுறுத்தியது. இவர்கள் செய்துவிடுவார்கள். கட்டுக்குக் கீழே நின்றுகொண்டே தனக்காகக் கயிறு இழுப்பார்கள்.

"வேணாம்பா," என்று கையெடுத்துக் கும்பிட்டார். "உங்க நல்ல மனசு எனக்குப் போதும். இதுக்கு மேல நல்லது பண்ணாதீங்க."

போர்மேன் கெட்டவர் இல்லை. ஆகாசம் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். டெஸ்ட் சீட்டை எடுத்துப் பார்த்தார். "தேறிட்டீங்கன்னு போட்டிருக்கே?"

"பொய் சார். மனப்பாடம் பண்ணினேன்."

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்ல சார். நானே போய்ப் பாத்துட்டு வந்தேன்."

போர்மேன் சீட்டைக் கீழே வைத்தார். "கண்ணு தெரியாத ஆளு எதைப்பா பாத்தே?"

இத்தனை மாதம் நொடிக்கொரு பொய்யாக அவிழ்த்துவிட்ட வாய், வேண்டிய நேரத்தில் காய்ந்துபோயிற்று. கதவு திறக்கிற சத்தம் கேட்டது. கனவிலும் கேட்க விரும்பாத குரல் பின்னாலிருந்து வந்தது.

"நாந்தான் சார் சொல்லிக் குடுத்தேன்."

"இல்ல சார்! அவன் சும்மா சொல்றான், அவனுக்கு ஒண்ணும் தெரியாது!" என்று கத்தினார் ஆகாசம். அறை முழுக்கக் கேட்டது, யாரும் நம்பவில்லை. அவன் உயிர் போகக்கூடாது என்றுதான் இறங்கி வந்தார். இறங்கி வந்து அவன் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டாரே!

"ஸ்டோர் ஆளு டெஸ்ட் பலகைய வெளிய சொல்றதுன்னா அதுக்கும் ரூல் இருக்கு," என்றார் போர்மேன். சந்தோஷமாகச் சொல்லவில்லை. மேஜை டிராயரை இழுத்தார்.

ஆகாசம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்படித் திருப்பினால்தான் மேஜை தெரியும். வேலையை விட்டு நிறுத்துகிற ஆர்டர் எழுத, போர்மேன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார். பிறகு இன்னொன்றை எடுத்தார்.

"ஒரு தாள் போதும் சார்," என்றார் ஆகாசம். மேஜையைத் தடவி அந்த இரண்டாவது தாளைக் கண்டுபிடித்து, அதன்மேல் உள்ளங்கையை விரித்து அழுத்திக்கொண்டார். "ஒண்ணு போதும் சார்."