பல் டாக்டரும் ஆர்க்கிட்டின் வேரும்

இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தாலும் என் பல்செட் நாலு பேர் முன்னால் கழன்று விழட்டும்.

பல் டாக்டரின் கிளினிக்கில், காத்திருப்பவர்கள் உட்காரும் சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு ஆர்க்கிட் பூச்செடி இருந்தது. கிளினிக் திறந்த அன்று அவர் மனைவி ஆசையாக வாங்கி வைத்தது. இப்போது இலையெல்லாம் தொங்கி, நனைந்த கோழி மாதிரி நின்றது.

"ஒரு செடிய உயிரோட வெச்சுக்கத் தெரியாதவர்கிட்ட யாருங்க வந்து பல்லைக் காட்டுவாங்க?" என்றாள் மனைவி. "மாசக் கடைசிக்குள்ள ஒரு வேராவது புதுசா விடலேன்னா குப்பையில போட்டுடுவேன்."

டாக்டருக்குச் சுருக்கென்றது. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். வேர்கள் பழுப்பேறிக் கூழாகியிருந்தன. சொத்தையைப் பார்த்தே தலை நரைத்தவருக்கு அது தெரியாதா?

"யாரு இதுக்குத் தண்ணி ஊத்தினது?"

சோபாவிலிருந்த தையல்காரர் வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடி, "கொப்பளிக்கக் குடுத்ததுல மிச்சம் டாக்டர். வீணாக்க மனசு வரல," என்றார்.

"நானும்தான் ஊத்தறேன்," என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணக்கு டீச்சர் பெருமையாக. "வெந்நீர்."

"வெந்நீரா!" டாக்டர் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "உங்க பல்லை நான் இப்படியா பாத்துக்கறேன்? ஆளாளுக்கு இரக்கப்பட்டே மூழ்கடிச்சிட்டீங்களே, புண்ணியவான்களா!"

கோபம் அடங்காமலேயே வேலையில் இறங்கினார். கத்தரியைக் கொதிக்கவைத்து, அழுகிய வேர்களை வெட்டினார். அதற்கு முன் மரத்துப்போக ஊசியும் போட்டார். செடி முனகக்கூட இல்லை. வெட்டிய இடத்தில் லவங்கப்பட்டைத் தூள் தடவி, காற்றாட உலரவிட்டு, மரப்பட்டைத் துண்டும் கரித்துண்டும் நிரப்பிய தொட்டியில் நட்டார். நேர்வெயில் படாத ஜன்னலோரம் வைத்தார். மரப்பட்டை காய்ந்தால்தான் தண்ணீர், அதுவும் அவர் கையால்.

வேர் விட்டது. சும்மா விடவில்லை. பச்சை நுனியோடு ஒன்று தொட்டியைத் தாண்டியது, ஜன்னலிலிருந்து இறங்கியது, சோபாவின் கைப்பிடியில் வந்து படுத்துக்கொண்டது. தையல்காரர் பழக்கதோஷத்தில் டம்ளரைச் சாய்த்தார். லபக்கென்று அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது.

"ஐயோ டாக்டர், உங்க செடி கையப் புடிக்குது!"

"விட்டுடாத கண்ணு!" என்று உள்ளேயிருந்து கத்தினார் டாக்டர், யாருடைய வாய்க்குள்ளோ கை வைத்தபடி.

கணக்கு டீச்சரின் வெந்நீர் பாட்டிலை இன்னொரு வேர் பிடுங்கித் தெருவில் எறிந்தது. மாசக் கடைசியில் மனைவி வந்தபோது மூன்றாவது வேர் கதவைத் திறந்துவிட்டது.

"வேர் வந்திருக்குதான்," என்று ஒப்புக்கொண்டாள் அவள். "ஆனா ஒரு செடிக்கு இவ்வளவு கோவம் ஆகாதுங்க."

"கோவப்படாம என்ன பண்ணும்? அது பட்ட பாடு அதுக்குத்தானே தெரியும்!" என்றார் டாக்டர்.

மறுநாளே அவள் ஆர்க்கிட்டை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்த ஜன்னலோரத் தொட்டியில் இப்போது இருப்பது, யார் தண்ணீரையும் எதிர்பார்க்காத கற்றாழை.