செவ்வாய்க்கிழமை பாட்டில்

அன்புக்கரசி செத்து மூணு வருஷம் கழித்து, அவள் உயிரோடு இருப்பதாகச் சொல்ல ஒரு பெண் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு படியேறி வந்தாள். பெயர் ஷெர்லின். ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை.

அன்புக்கரசியின் புருஷன் கோதண்டம் தொட்டியில், அதாவது அறுப்புக் கூடத்தில், எருமை அறுத்துவிட்டு வந்து, அப்போதுதான் குளித்து உட்கார்ந்திருந்தான். ஆபரேஷனில் அன்புக்கரசியின் மார்பிலிருந்து எடுத்த புற்றுக்கட்டியில் ஒரு துணுக்கைப் புட்டியில் போட்டு வளர்த்து வருகிறார்களாம். புது மருந்தையெல்லாம் அதன்மேல் விட்டுப் பார்ப்பார்களாம். அப்போது யாரையும் கேட்கவில்லை. இப்போது விதி மாறிவிட்டது, வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும். இல்லையென்றால் ப்ளீச்சிங் ஊற்றிக் கொட்டிவிட வேண்டியதுதான்.

"கொளுத்திட்டு வந்தேம்மா அவள. இன்னாத்த துன்னு உயிரோட கீது?"

பிறக்காத கன்றின் ரத்தம் என்றாள். அதில் தெளிந்து நிற்கும் நீரை வடித்துப் போடுவார்கள். வாராவாரம் செவ்வாய்க்கிழமை தொட்டியிலிருந்து ஒரு பாட்டில் ரத்தம் ஐஸ் பெட்டியில் வரும். போன பங்குனியில் எவனோ கலப்பு ரத்தம் கொடுத்துவிட, முக்கால்வாசி செத்துப்போய், மிச்சத்தைக் காப்பாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டதாம்.

கோதண்டம் கையெழுத்துக் காகிதத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தான். செவ்வாய்க்கிழமை தொட்டிக்கு வரச்சொல்லி அனுப்பிவிட்டான்.

அந்தப் பாட்டிலை நிரப்புகிறவன் அவன்தான். அறுத்த எருமையின் வயிற்றில் கன்று கிடந்தால், அதன் நெஞ்சில் ஊசி குத்தி உறிஞ்சுவான். பாட்டில் குறைந்தால் ஐஸ் பெட்டிக்காரன் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வான். அதற்காகத் தாயின் ரத்தத்தை ஒரு குவளை விட்டுச் சரிக்கட்டுவான். பங்குனியில் கன்று குறைந்துபோய்ப் பாதிக்குமேல் தாயின் ரத்தமே. எவனுக்குத் தெரியும்? எல்லாம் சிவப்பு.

அதற்கப்புறம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கல்மண்டபம் வரை நடந்தான், திரும்பினான், மறுபடி நடந்தான். கடைசி மாசம் திப்பி நிற்காமல் துணியில் வடிகட்டி அன்புக்கரசிக்குக் கஞ்சி புகட்டியதும் இதே கைதான். கையெழுத்துப் போட்டால் கண்டவன் மருந்துக்கும் அவளைக் கொடுத்ததாகும். போடாவிட்டால் இரண்டாம் தடவை சாகவிட்டதாகும். பங்குனியையும் சேர்த்தால் மூன்றாம் தடவை.

செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு கன்று. பாட்டில் பாதிகூட ஏறவில்லை. பக்கத்திலேயே அண்டாவில் தாயின் ரத்தம் நுரைத்துக்கொண்டிருந்தது. கோதண்டம் மூடியை இறுக்கினான்.

ஐஸ் பெட்டி வண்டியிலேயே ஷெர்லின் வந்திறங்கினாள். அவன் கையில் பாட்டிலைப் பார்த்ததும் திகைத்துப் போனாள். "எப்பவும் கழுத்து வரைக்கும் இருக்குமே, அண்ணாச்சி" என்றாள்.

"எப்பவும் கலப்பு. நான்தான் கலந்தேன்."

பெட்டிக்காரன் வேறு பக்கம் பார்த்தான். ஷெர்லின், கையெழுத்து என்று இழுத்தாள்.

கோதண்டம் பையைத் தொட்டுப் பார்த்தான். காகிதம் வியர்வையில் ஊறியிருந்தது.

"அது கெடக்கட்டும். மொதல்ல இத்தப் போடு. அவ துன்னாளான்னு வந்து சொல்லு."