முனகும் கிரைண்டர்

சுவிட்சைப் போட்டால் கிரைண்டர் முனகியது, கல் அசையவில்லை. காளியம்மை சப்பாத்திக் கட்டையால் பெல்ட்டை ஒரு தள்ளு தள்ளினால் சுற்றும். அரிசியைப் போட்டதும் நின்று மறுபடி முனகும்.

"கண்ணு பட்டுட்டு," என்றான் கணவன் பாலையா, நகரசபைக் காக்கிச் சட்டையோடு சாயா குடித்தபடி. "ஒரு எலுமிச்சம்பழம் கெட்டித் தொங்க விடு."

"போன வாரம் கெட்டுன பழமும் சேர்ந்துதான் முனகுது."

கொச்சி மட்டாஞ்சேரியின் சாயாக்கடைகளுக்குத் தோசைமாவு கொடுப்பவள் அவள். காலையில் மாவு போகாவிட்டால் கடைக்காரர்கள் பாக்கெட் மாவுக்கு மாறிவிடுவார்கள். கம்பெனி வேன் அந்தத் தெருவையே சுற்றிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் ஷாஜி வந்து காதை வைத்துக் கேட்டான். "மோட்டார் கரிஞ்சுபோச்சு அக்கா. இதை எனக்குத் தந்துட்டு புதுசு வாங்கு."

"கரிஞ்சா மணம் வரண்டாமா?"

"எல்லாத்துக்கும் வராது."

அந்தச் சந்தேகம்தான் அவளை முகமது இஸ்மாயிலின் இன்டர்நெட் கடைக்குள் தள்ளியது.

"இக்கா, இதுல என்னத்த வேணும்னாலும் படிக்கலாமாமே. என் வயசுக்கும் உண்டா?"

"உண்டு சேச்சி. பாடம் ஃப்ரீ. என்ட நாற்காலிக்குத்தான் வாடகை. எந்து எழுதட்டும்?"

"முனகுது, சுத்தல, தள்ளுனா சுத்துது. அப்பிடியே எழுதுங்க."

அப்படியே ஆங்கிலத்தில் தட்டினார். திரையில் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் வந்தார். அவர் மோட்டாரும் முனகியது. அவரும் ஒரு குச்சியால் தள்ளினார்.

"பாருங்க இக்கா, வெள்ளக்கார சாயிப்புக்கும் கண்ணு பட்டிருக்கு!" காளியம்மை கடை அதிரச் சிரித்தாள்.

பேச்சில் பாதியை இஸ்மாயில் சொன்னார். மீதியை வெள்ளைக்காரரின் கைகள் சொல்லின. வீட்டுக் கரண்ட் மட்டும் இருந்தால், எந்தப் பக்கம் சுற்றுவதென்று தெரியாமல் மோட்டார் முனகும். அதற்குத் திசை காட்டி முதல் தள்ளலைக் கொடுப்பது பக்கத்தில் இருக்கும் சின்ன உருளை, கப்பாசிட்டர். அது செத்தால் கட்டைதான் தள்ள வேண்டும். பிளக்கை உருவிய பிறகும் உருளைக்குள் கரண்ட் பதுங்கியிருக்கும். பிடியில் கரண்ட் ஏறாத ஸ்க்ரூடிரைவரால் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டு அதை வெளியேற்றிவிட வேண்டும். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள்.

கழற்றிய உருளையோடு ஷாஜியின் கடைக்குப் போனாள். "இதே அளவுல ஒண்ணு குடு."

"யாரு சொல்லித் தந்தது?"

"தாடி வச்ச ஒரு அண்ணாச்சி. ஃபீஸ் வாங்கல."

ஷாஜி தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போனான். சுவரோரம் 'கரிஞ்சுபோன' மோட்டார்கள் குவிந்து கிடந்தன. ஒன்றில் பச்சை பெயிண்டில் சுமாவின் பெயர். அடுத்த தெருவில் மாவு அரைத்துக்கொண்டிருந்தவள். மோட்டார் போனபின் இடக்கொச்சி இறால் கம்பெனியில் செம்மீன் உரிக்கப் போகிறாள். காளியம்மை குனிந்து முகர்ந்தாள். கரிந்த மணம் இல்லை. மோட்டாரின் தண்டை விரலால் திருப்பினாள். வழுக்கிக்கொண்டு சுற்றியது.

"ஷாஜி, உருளை ரெண்டு குடு. சுமாவுக்க மோட்டாரையும் எடுத்துக்கிடுதேன்."

ஷாஜி இரண்டு உருளைகளைக் கொண்டுவந்து வைத்தான்.

காளியம்மை வீட்டுக் கல் யாரும் தொடாமல் சுற்றியதும், பாலையா எலுமிச்சம்பழத்தை அவிழ்த்துச் சர்பத் போட்டான். சுமாவின் மோட்டாரையும் காளியம்மை மாட்டிக் கொடுத்தாள். வேலை முடிந்து வந்த சுமா, செம்மீன் மணம் போகாத கையால் தன் வீட்டுச் சுவிட்சைப் போட்டாள். கல் தானாகச் சுற்றியது. கெட்டிருந்தது கப்பாசிட்டர் மட்டும்தான்.