கத்தரிக்காய்க்கு அப்பா தந்தது

அப்பா வேலை முடிந்து ஸ்டவுட் பீர் அடித்துவிட்டு வந்தால் கக்கூஸ் வரை போகமாட்டார். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் பின்வேலியே அவருக்குப் போதும். அவர் நிற்கும் இடத்தில் புல் கருகிவிடும். ஆனால் மழைத்தண்ணீரோடு கலந்து ஓடுகிற பக்கம் மட்டும் ஒரு மிளகாய்ச் செடி என் தோள் உயரத்துக்கு வளர்ந்தது.

படிப்பு ஏறாமல் ஃபார்ம் த்ரீயோடு நின்றவள் நான். இருந்தாலும் இது புரிந்தது. அந்த இடத்தில் ஒரு பெயிண்ட் வாளியை வைத்தேன். குறிபார்க்க ஒன்று கிடைத்ததில் அப்பாவுக்குச் சந்தோஷம். எதற்கு என்று கேட்கவில்லை. ஒரு பால் டின் மூத்திரத்துக்குப் பத்து டின் தண்ணீர் கலந்து, இலையில் படாமல் என் கத்தரி, வெண்டிச் செடிகளின் வேரடியில் ஊற்றினேன். இரண்டே மாதத்தில் கத்தரிக்காய் எங்கள் பாதிரியாரின் வழுக்கை மாதிரி பளபளத்தது. மீன் கழுவிய தண்ணீர் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் சிவசம்பு அங்கிள் வீடு. யாழ்ப்பாணத்தார், அரசாங்க ஆபீசில் ஃபைல் பார்க்கும் பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது கடிதத்தோடு வந்தார். டைப் அடித்தது, மூன்று நகல்.

“ரபேல், இதைக் குவார்ட்டர்ஸ் ஆபீசுக்கு அனுப்பப் போறன். உங்களுக்குக் காட்டாமல் அனுப்புறது முறையில்லை. உங்கட தோட்டத்து நாத்தம் தாங்கேலாமல் கிடக்கு,” என்றார் அப்பாவிடம்.

“லெட்டர்லாம் வேணாம் அண்ணே,” என்றாள் அம்மா. “நாளைக்கே எல்லாத்தையும் இவ புடுங்கிப் போட்டுருவா. மொதல்ல உக்காந்து சாப்பிடுங்க.”

அந்த நாலு பாத்தியை விட்டால் நாள் முழுக்க நான் போக வேறு இடமில்லை.

அங்கிள் கத்தரிக்காய்க் குழம்பை மூன்றாம் தடவை கேட்டு வாங்கினார்.

“பிள்ளை, உதுக்கு என்ன பசளை போட்டனீ?”

“மீன் தண்ணி அண்ணே,” என்றாள் அம்மா.

“மீன் எண்டால் பூனை வந்திருக்கும். நீ சொல்லு பிள்ளை.”

வெளியாட்களிடம் நான் பேசுவதில்லை. அப்பாவை நோக்கி விரலை நீட்டினேன்.

“நானா? நான் ஒரு மண்ணும் போடலை லா!” என்றார் அப்பா.

“வாளியில,” என்றேன். “அப்பா மூத்திரம்.”

அம்மாவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. அப்பாவுக்குப் புரையேறியது. அங்கிள் தன் தட்டைப் பார்த்தார். மிச்சமிருந்த சோற்றை உருட்டினார். வாயில் போட்டுக்கொண்டார்.

“எவ்வளவு தண்ணி?”

“ஒரு டின்னுக்குப் பத்து.”

“வாளிக்கு மூடி?”

“இல்ல.”

“அதுதான் பிழை. மூடி போட்டு வை. ஒண்டையும் பிடுங்காதை.”

மூன்று நகலையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை வேலியில் ஒரு ஆரஞ்சு சர்பத் போத்தல் தொங்கியது. மூடி இறுக்கியிருந்தது. டைப் அடித்த லேபிள்: அங்கிளின் பெயர், தேதி, காலை 6.15. கீழே, ‘மது கலவாதது’.

அப்பா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“கிராணி இதுக்கும் ஃபைல் தொறந்துட்டாரு லா,” என்றார். பிறகு கொஞ்சம் ரோஷமாக, “இதை வெண்டிக்கு ஊத்து. கத்தரிக்கு நான் இருக்கேன்.”