கழா இல்லாத நோன்பு

பெருநாள் முடிந்த வாரம், பேகம்பூர் வீட்டின் பின்கட்டில் பெண்கள் பூண்டு உரித்துக்கொண்டே கழாவுக்கு நாள் குறித்தார்கள். ரம்ஜானில் மாதவிடாய் வந்து விட்டுப்போன நோன்புகளைப் பிறகு பிடித்துக் கழிப்பதுதான் கழா. தனித்தனியாக விட்டால் யாரும் விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு எழ மாட்டார்கள் என்று, மாமியார் குர்ஷித் பேகம் எல்லோரையும் சேர்த்தே பிடிக்க வைப்பார்.

"சபிஹா, உனக்கு எம்புட்டு?"

"ஏழும்மா. அதுல ஒண்ணு சோம்பேறித்தனத்துல விட்டது. எழுதிக்காதீங்க" என்றாள் வத்தலக்குண்டிலிருந்து பெருநாளுக்கு வந்திருந்த மகள்.

"நான் ஏன் எழுதணும்? ரெண்டு தோள்லயும் இருந்து எழுதுற வானவங்க எழுதியிருப்பாங்க. ரஃபியா, உனக்கு?"

"எனக்கு இல்லை மாமி. எல்லாம் பிடிச்சுட்டேன்."

சொன்ன பிறகுதான் ரஃபியாவுக்கு உறைத்தது. உரித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. சபிஹா தன் தாயைப் பார்த்தாள். தாய் மருமகளின் வயிற்றைப் பார்த்தார்.

"ஒரு நாள்கூட விடலையா? சொல்லவே இல்லையே புள்ள!"

வயிற்று வலிக்கு மாத்திரை சாப்பிடுகிறாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த மாத்திரையால் மாதவிடாய் நின்றிருக்கிறது என்பது மட்டும் தெரியாது. அதைச் சொன்னால், பிள்ளை வேண்டாம் என்றுதான் போடுகிறாயா என்ற கேள்வி அடுத்து வரும். இல்லை என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்த தலையை மாமி வெட்கம் என்று எடுத்துக்கொண்டார். அன்று மாலைக்குள், மக்காவுக்கு உம்ரா பயணம் போனபோது மாமி கொண்டுவந்த குங்குமப்பூ டப்பி மேல்தட்டிலிருந்து இறங்கியது. தண்ணீர்க்குடத்தை ரஃபியா தொட்டால் அதட்டல் வந்தது.

அவளுக்கோ வேறு கவலை. கருப்பையின் உள்தோல் போன்ற திசு வெளியே வளரும் நோய் அவளுக்கு. மாதா மாதம் சுருண்டு கிடந்தவள், ஹார்மோன் மாத்திரை தொடங்கிய பிறகுதான் நிமிர்ந்தாள். நிமிர்ந்ததும் மாலை நேர டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்தாள். ஹையர் பரீட்சையில் தேறினால் ஒரு வக்கீல் ஆபீசில் வேலை என்று சொல்லி வைத்திருந்தார்கள். அதுவரை பிள்ளை வேண்டாம் என்று அவளும் கணவன் ஃபயாஸும் பேசி முடிவு செய்திருந்தார்கள். வேறு பாதுகாப்பு எதையும் தேடவில்லை. மாதவிடாயே வராதபோது பிள்ளை எங்கிருந்து வரும்? ஆனால் ரம்ஜானில் காலை மாத்திரையை நோன்பு திறந்த பிறகு என்று மாற்றியதில், தராவீஹ் என்னும் நீண்ட இரவுத் தொழுகை அலுப்பில் சில இரவுகள் விட்டுப்போயின. இப்போது நாலைந்து நாளாகக் காலையில் குமட்டல் வேறு. வராத மாதவிடாயை வைத்து எதையும் கண்டுபிடிக்கவும் முடியாது.

இரவு ஃபயாஸிடம் சொன்னாள். தோல் மண்டியில் பத்துப் பேரை வேலை வாங்குகிறவன், மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதைப் போட்டா உண்டாகாதுன்னு டாக்டரம்மாதானே சொன்னாங்க?"

"அவங்க சொன்னதை நாம எப்படிக் கேட்டோம்னுதான் தெரியலைங்க."

மறுநாள் இருவரும் போனார்கள். டாக்டர் நாகஜோதி முதலில் சிறுநீர்ப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, பிறகு கேட்டார்.

"குழந்தையைத் தடுக்கும்னு யாரும்மா சொன்னது?"

"நீங்கதான் டாக்டர். குழந்தை வேணும்னா இந்த மாத்திரையை நிறுத்தணும்னு சொன்னீங்க."

"சொன்னேன். நிறுத்தாட்டி உண்டாகவே உண்டாகாதுன்னு சொன்னேனா?"

ரஃபியா யோசித்துப் பார்த்தாள். சொல்லவில்லைதான்.

"இது உன் நோய்க்கு உள்ள மருந்து. நிறையப் பேருக்கு முட்டை வெளிய வர்றதையும் நிறுத்தும். ஆனா அதை நம்பிக் கருத்தடையா வச்சுக்கக் கூடாது. அதுக்குன்னு சோதிச்சுப் பார்த்த மருந்து இல்லை. நடுவுல விட்டா இன்னும் நம்ப முடியாது. மாதவிடாய் வரலைங்கிறதும் முட்டை வரலைங்கிறதும் ஒண்ணு இல்லைம்மா. அன்னைக்கே நான் தெளிவாச் சொல்லியிருக்கணும்."

"அப்போ பூட்டியாச்சுன்னு நினைச்சோம், வெறுமனே கதவைச் சாத்தி வச்சிருக்கோம்" என்றான் ஃபயாஸ். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பரிசோதனை முடிவு வந்தது. கர்ப்பம் இல்லை. ரஃபியா நாற்காலியின் கைப்பிடியை விட்டபோதுதான், அதுவரை அதை இறுகப் பிடித்திருந்தது தெரிந்தது. சில வாரம் கழித்து இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். மாத்திரையைத் தொடரலாம், ஆனால் ஆணுறையும் வேண்டும். இல்லையென்றால் வலிக்கும் கருத்தடைக்கும் சேர்த்தே உதவுகிற, கருப்பைக்குள் வைக்கும் சாதனம் ஒன்று உண்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

பேகம்பூர் மருந்துக்கடைக்காரர் ஃபயாஸுக்கு மாமன் முறை. அதனால் பஸ் ஸ்டாண்டு வரை வண்டியில் போய் ஆணுறை வாங்கி வந்தான்.

வீட்டில் மாமி பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். ரஃபியா அடுப்படி நிலையில் நின்றாள்.

"மாமி, நீங்க நினைக்கிற மாதிரி இல்லை. டாக்டர்கிட்ட பார்த்துட்டு வாரோம். வலிக்குப் போடுற மாத்திரையிலதான் எனக்குத் தொழுகை இல்லாத நாளே வரலை." ஒரு எட்டு உள்ளே வைத்தாள். "பரீட்சை முடியிற வரைக்கும் பிள்ளை வேணாம்னும் நாங்க இருக்கோம்."

மாமி கரண்டியால் பாலைக் கலக்கிக்கொண்டே இருந்தார். முகம் வாடியது நன்றாகவே தெரிந்தது.

"நானும்தான் உம்ராவுக்குப் போறப்ப தள்ளிப்போக மாத்திரை போட்டேன். எனக்குத் தெரியாதா அது? முன்னமே சொல்றதுக்கு என்ன? நான் வத்தலக்குண்டு சம்பந்தி வரைக்கும் சொல்லிப்புட்டேன்."

"நான் போன் பண்ணிச் சொல்லட்டுமா?"

"வேணாம். சொன்ன வாய் இருக்கு, நானே சொல்லிக்கிறேன்." அடுப்பை அணைத்துவிட்டு, குங்குமப்பூ டப்பியின் மூடியை அழுத்திப் பார்த்து மேல்தட்டில் வைத்தார். "இது கெட்டுப்போகாது. இருக்கட்டும்."

ரஃபியா நகரவில்லை.

"என்ன நிக்கிற? கழா இல்லாதவ, விருப்பப்பட்டுப் பிடிக்கிற ஷவ்வால் மாச ஆறு நோன்பைப் பிடிக்கலாம்ல? நாளைக்கு எங்களோட சஹருக்கு எந்திரி."

"நோன்பு திறக்கிற நேரம் வகுப்புல இருப்பேன் மாமி."

"பேரீச்சம்பழத்தைப் பையில போட்டுட்டுப் போ. ஒரு கையால டைப் அடி."