ஓஸ்லா பின்னிய குட்டிச்சாத்தான்

1957 அக்டோபர் கடைசி வியாழக்கிழமை, பிற்பகல் நாலேகால் மணிக்கு, லோரி இஸ்பிஸ்டரின் இடது பிட்டத்திலிருந்து ஒரு தையல் ஊசி வெளியே வந்தது. அவன் அப்போது ஓஸ்லா ஹால்க்ரோவின் அடுப்படியில் முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் நீட்டி, அவள் உருண்டையாகச் சுற்றுவதற்காகக் கம்பளி நூல் சிட்டத்தைத் தாங்கிக்கொண்டிருந்தான். ஊசி கால்சட்டையைத் துளைத்து, அறையைக் கடந்து, மேசைமேல் இருந்த பொம்மையின் மூக்கில் குத்தி நின்றது. ஏழு வயதில் அத்தை வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபோது அவனுக்குள் போன ஊசி அது. துரு ஏறியிருக்கவில்லை. லோரி கைகளை இறக்கவில்லை, இறக்கினால் நூல் சிக்காகிவிடும். தேநீர் ஆறிவிட்டது என்று மட்டும் சொன்னான்.

அந்தப் பொம்மையை ஓஸ்லா அன்று மதியம்தான் முடித்திருந்தாள். ஸ்கால்டா தீவின் சர்ச் மாதர் சங்கம் ஹாலோவீனை ஒட்டி ஒரு விற்பனை நடத்தும். இருபது வருடமாக அவள் அதற்குக் கையுறை பின்னிக் கொடுத்துவந்தாள். ஸ்கால்டாவும் சேர்ந்த ஷெட்லாந்துத் தீவுகளில் எல்லாரும் கையுறைதான் பின்னுவார்கள். அந்த வருடம் அலுத்துவிட்டது. ஊசிகளைக் குத்தி வைக்க ஒரு குட்டிச்சாத்தான் தலை பின்னினாள். மலைக்குள் குடியிருந்து வெண்ணெயும் கைக்குழந்தையும் திருடுகிற வகை. பாசி நிற முகம். ஒரு கண் சட்டைப் பொத்தான், மற்றது கோட்டுப் பொத்தான். வெள்ளை நூலில் மூன்று பல். இரண்டு பக்கமும் விரிந்த காது. உள்ளே அடைக்க, பின்னும்போது ஊசியை ஊன்ற இடுப்பில் கட்டும் பழைய தோல்வாரைப் பிரித்து, அதில் அடைத்திருந்த குதிரைமயிரை எடுத்தாள். அது போதாமல் சீப்பில் சேர்ந்த தன் முடியைச் சேர்த்தாள். ஊசிமுனை மழுங்காமலிருக்கக் கடற்கரையின் கறுப்பு மணலை நடுவில் வைத்தாள். காது லோரியுடையது என்று பக்கத்துப் பண்ணை கிர்சி சொன்னாள். குட்டிச்சாத்தான்களுக்கே காது அப்படித்தான் இருக்கும் என்றாள் ஓஸ்லா. சனிக்கிழமை விற்பனையில் போதகர் அதைப் பார்த்துவிட்டு, சபையின் மேசையில் பல்லிருக்கும் பண்டம் வேண்டாம் என்றார். அவள் அதைக் கூடையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள். போதகரின் அங்கி ஓரத்திலிருந்து இரண்டு குண்டூசிகள் கூடையைத் தொடர்ந்து போயின.

அடுத்த வாரத்துக்குள் தீவில் தொலைந்திருந்த ஊசிகளெல்லாம் வந்துவிட்டன. மெத்தைகளிலிருந்தும் தரைப்பலகை இடுக்குகளிலிருந்தும் வந்தன. ஒரு ஊசி, புதைத்து வெகுகாலமான ஒருத்தியின் கல்லறைப் புல்லுக்குள்ளிருந்து ஈரமாக வந்தது. பெண்கள் வந்து தங்கள் பின்னல் ஊசிகளைப் பிரித்தெடுத்தார்கள். அதில் தகராறு எழவில்லை. பல வருடம் பின்னிய ஊசி பின்னுகிறவளின் கைக்குத் தக்கபடி வளைந்திருக்கும், எவளும் தன் வளைவை மறக்கமாட்டாள். வீட்டுக்குக் கொண்டுபோன ஊசிகள் காலையில் ரொட்டி சுடுவதற்குள் ஓஸ்லாவிடம் திரும்பியிருந்தன. எனவே பெண்கள் அங்கேயே வந்து, குட்டிச்சாத்தானைப் பார்த்து வட்டமாக உட்கார்ந்து பின்னினார்கள். ஊசி தானாக முன்னால் சாய்ந்ததில் வேலை சீக்கிரம் முடிந்தது. கறுப்பு மணல்தான் காரணம் என்று பள்ளி ஆசிரியர் சொன்னார். ஓஸ்லாவின் முடிதான் என்று கிர்சி சொன்னாள். இதற்காக யாரும் சண்டை போடவில்லை.

பிறகு கப்பல்கள் வந்தன. திசைகாட்டியின் முள்ளும் மெல்லிய எஃகுதான். நவம்பரின் முதல் மூடுபனியில் ஒரு ஃபாரோ தீவுப் படகு ஓஸ்லாவின் துறையில் வந்து முட்டி, இது அபர்தீன் துறைமுகமா என்று கேட்டது. அவள் இல்லை என்று சொல்லித் தேநீர் கொடுத்தாள். மறுநாள் இரண்டு நார்வேப் படகுகள் வந்தன, அடுத்து ஹெர்ரிங் மீனோடு ஒரு டச்சுக்காரன் வந்தான். பனி இறங்கினால் வடகடலில் வடக்கு என்பது ஓஸ்லாவின் அடுப்படியாக இருந்தது. அவர்கள் உப்பு மீனும் புகையிலையும் வைத்துவிட்டு, பானக் என்கிற தட்டை ரொட்டியைத் தின்று, சூரியன் தெரிந்ததும் அதைப் பார்த்துத் திசை பிடித்துப் போனார்கள். அந்தக் குளிர்காலத்தில் பாறைகளில் ஒரு படகும் உடையவில்லை. ஓஸ்லா ஒரு பெரிய கெட்டில் வாங்கினாள்.

லோரி தபால் படகு ஓட்டுகிறவன். பதினாறு வருடமாக வியாழக்கிழமைதோறும் ஓஸ்லாவின் கடிதங்களோடு வருவான். கடிதம் இல்லாவிட்டாலும் வருவான். முக்காலியில் உட்கார்ந்து சிட்டத்தைத் தாங்குவான், இரண்டு கோப்பை தேநீர் குடிப்பான், காற்று திரும்பிவிட்டது என்று சொல்லிப் போவான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது அவன் படகின் முள்ளும் அங்கேயே காட்டியதில் வாரத்தில் நாலு நாள் வந்தான். மற்றப் பண்ணைக்காரர்கள் தங்கள் கடிதங்களை ஓஸ்லாவின் வீட்டில் வந்து வாங்கிக்கொண்டார்கள்.

கிர்சி பின்னிக்கொண்டே சொன்னாள்: "ஏன்டி ஓஸ்லா, பதினாறு வருஷமா வாயத் தொறக்காத மனுசன். இப்ப முள்ளு இழுத்துட்டு வருது. இன்னும் ரெண்டு முழம் இழுத்தா சர்ச்சு வரைக்கும் வந்துருவான்."

ஓஸ்லா சிரித்தாள். அவளுக்கும் அந்தக் கணக்கு இருந்தது. ஆனால் ஜனவரியில் ஒரு நாள், அடுப்படி நிறைய மாலுமிகள் இருந்தபோது, ஒரு நார்வேக்காரர் லோரியைப் பார்த்து, எப்போது வந்தாலும் இங்கேயே இருக்கிறாயே, நீதான் இந்த வீட்டுக்காரனா என்று கேட்டார். லோரியின் காது சிவந்துவிட்டது.

"நான் எங்க வரேன்?" என்றான். "படகுல்ல வருது."

எல்லாரும் சிரித்தார்கள். ஓஸ்லா சர்க்கரை போட்ட கோப்பையிலேயே மறுபடி சர்க்கரை போட்டாள்.

அன்றுமுதல் அவளுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. அவன் வருகிறானா, இழுபட்டு வருகிறானா. குட்டிச்சாத்தான் இருக்கும்வரை அதற்குப் பதில் கிடைக்காது. எனவே அதைப் பிரித்துவிடத் தீர்மானித்தாள். பின்னலைப் பிரிப்பது எளிது, முடிச்சை அவிழ்த்து நூல்முனையை இழுத்தால் போதும். முனை கிடைக்கவில்லை. தொடங்கிய கண்ணியும் முடித்த கண்ணியும் தெரியாமல் பின்னுவதில் ஷெட்லாந்துப் பந்தயத்தில் பரிசு வாங்கியவள் அவள். விளையாட்டுக்குப் பின்னிய பொம்மையிலும் அந்தக் கர்வத்தை விடவில்லை. பெண்கள் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினார்கள். வெட்டலாம் என்று எடுத்த கத்தரிக்கோல் மூடிக்கொண்டு போய்க் குட்டிச்சாத்தானின் கன்னத்தில் ஒட்டியது. அடுப்பில் போட்டதற்குக் கொஞ்சம் நாறியது, அவ்வளவுதான். ஆட்டுமயிர் லேசில் எரியாது.

அந்தச் சமயம் கப்பல்கள் வழிதவறுவதைப் பற்றிய புகாரை விசாரிக்கக் கடல்துறை அதிகாரி ஒருவர் வந்தார். ஓஸ்லா தானாகவே குட்டிச்சாத்தானை அவர் பெட்டியில் வைத்துக் கொடுத்தாள். அவர் தன் விசைப்படகில் ஏறிப் புறப்பட்டார். முள் பெட்டியைக் காட்டியது. மாலுமி முள்ளை நம்பிச் சுக்கானைத் திருப்பினான். பெட்டியும் கூடவே திரும்பியது. கரை கண்ணெதிரே இருந்தது, ஆனால் அதிகாரி முள்ளுக்கு மாறாக ஓட்ட அனுமதி தரவில்லை. எண்ணெய் தீரும்வரை படகு விரிகுடாவில் வட்டமடித்தது. பிறகு அதிகாரி துடுப்புப் போட்டுத் திரும்பி வந்து, பெட்டியை அவளிடமே கொடுத்து, மூன்று கோப்பை தேநீர் குடித்தார். வசந்தகாலத்தில் அச்சான கடல் வரைபடத்தில் ஸ்கால்டாவின் மேற்குக் கரையில் ஒரு சின்னக் கெட்டில் குறி இருந்தது. அதற்கு விளக்கம் எழுதப்படவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

வேறு வழி இல்லாததால் ஓஸ்லா படகிடம் மரியாதையாக நடந்துகொள்ளத் தொடங்கினாள். தபால் படகு வந்தால் துறைக்கு இறங்கிப்போய், அதன் மூக்கைத் தடவி, வந்ததுக்கு சந்தோஷம் என்பாள். அதற்கு நீலமும் வெள்ளையுமாக ஒரு குல்லா பின்னிப் போட்டாள். கடிதத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவாள். லோரிக்கு முக்காலி இல்லை, தேநீர் இல்லை.

ஒருநாள் கேட்டான்: "என் மேல என்ன கோவம் ஓஸ்லா?"

"உன் மேல எனக்கென்ன? நீதான் வரவே இல்லியே."

மூன்று வாரம் லோரி குல்லா போட்ட படகில் போய்வந்தான். நாலாவது வாரம், சனிக்கிழமை, நடுக்கடலில் திசைகாட்டியின் திருகுகளைக் கழற்றி, பித்தளைப் பெட்டியோடு தண்ணீரில் போட்டான். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் பெட்டி கடலடியில் நின்ற இடத்தில் நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை கடல் வற்றிய நேரத்தில் அது துறையோரம் மேலேறி, கூழாங்கற்கள்மேல் கடகடவென்று உரசி, வாசற்படியில் வந்து இரண்டு தடவை முட்டியது. ஓஸ்லா கதவைத் திறந்து, அது தபால் படகின் திசைகாட்டி என்று பார்த்தாள். கடற்பாசியைத் துடைத்துவிட்டு அதை ஜன்னலில் வைத்தாள். இனி படகு தானாக வராது என்று தெரிந்துகொண்டாள்.

வியாழக்கிழமை காலையில் மூடுபனி இறங்கியது. அந்நியக் கப்பல்கள் ஒவ்வொன்றாகத் துறைக்கு வந்து கட்டின. தபால் படகு மட்டும் வரவில்லை. நடுப்பகலில் அதன் ஊதுகொம்பு கிழக்கே கேட்டது. கொஞ்சம் கழித்துத் தெற்கே கேட்டது. அப்புறம் சர்ச்சுக்குப் பின்னால், பாறை மட்டுமே இருக்கிற பக்கத்திலிருந்து கேட்டது. மாலுமிகள் எழுந்து, போய்க் குரல் கொடுக்கிறோம் என்றார்கள். ஓஸ்லா உட்காரச் சொன்னாள். குரல் கொடுத்தால் குரல் இழுத்து வந்ததாக ஆகிவிடும். அவள் பின்னிக்கொண்டே இருந்தாள். அன்று அவள் பின்னிய கையுறைக்கு ஆறு விரல்.

பிறகு மரம் கல்லில் அரைபடும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் கொம்பு கேட்கவில்லை.

ஓஸ்லா பின்னலைக் கீழே போட்டாள். அது அவள் செய்யாத காரியம். சால்வைகூட எடுக்காமல் வாசலுக்குப் போய்ப் பனிக்குள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் வரவில்லை. மாலுமிகள் கயிறும் கொக்கியும் எடுத்துக்கொண்டு வரிசையாக அவள் பின்னால் நின்றார்கள். எந்தப் பக்கம் போவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

படகு கிர்சியின் பண்ணைக்குக் கீழே கரைக் கல்லில் ஏறியிருந்தது. குல்லா போட்ட மூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. லோரி நனைந்து போய்க் கிர்சியின் கதவைத் தட்டி வழி கேட்டான். கிர்சி மறுத்துவிட்டாள்.

"நான் வழி சொன்னா நான் கூட்டியாந்து விட்டதா ஆயிரும். நீயே தேடிப் போப்பா."

லோரி யோசித்துப் பார்த்துவிட்டு ஒரு துண்டுக் கயிறு கேட்டான். ஆணி அடித்த பூட்ஸைக் கழற்றி வைத்தான். கொக்கி போட்ட இடைவாரை அவிழ்த்துவிட்டுக் கால்சட்டையைக் கயிற்றால் கட்டிக்கொண்டான். பேனாக்கத்தியையும் புகையிலை டப்பாவையும் மேசைமேல் வைத்தான். பல்செட்டில் ஒரு சின்னக் கம்பி இருந்தது, அதையும் கழற்றி ஒரு கோப்பையில் போட்டான். அப்புறம் வெறுங்காலோடு சதுப்புக்குள் இறங்கினான்.

அவன் வந்து சேர்ந்தபோது இடுப்புவரை கறுப்புச் சேறு. கால்சட்டையை ஒரு கையால் பிடித்திருந்தான். ஓஸ்லா இன்னும் வாசலில்தான் நின்றாள். அவன் முகத்தைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், வெறுங்காலை வெகுநேரம் பார்த்தாள். பதினாறு வருடம் சொல்லாததை அவன் அங்கே நின்று சொன்னான். மொத்தம் நாலு வார்த்தை. பல் இல்லாததால் இரண்டு விளங்கவில்லை. மற்ற இரண்டு போதுமானதாக இருந்தன. மாலுமிகள் திரும்பிக் கடலைப் பார்த்தார்கள். பனியில் கடல் தெரியவில்லை, ஆனாலும் பார்த்தார்கள்.

ஓஸ்லா அவனை உள்ளே அழைத்துப் போய் முக்காலியில் உட்கார வைத்தாள். தேநீர் ஊற்றினாள். அவன் பழக்கத்தில் இரண்டு கைகளையும் நீட்டினான். அவள் ஒரு புதுச் சிட்டத்தை எடுத்து அவற்றில் மாட்டி, நூல்முனையைத் தேடி எடுத்துச் சுற்றத் தொடங்கினாள். மேசைமேல் குட்டிச்சாத்தான் தலை நிறைய ஊசியோடு மூன்று பல்லையும் காட்டிக்கொண்டிருந்தது. உருண்டை முஷ்டி அளவு வந்ததும் அவள் கை நின்றது.

"லோரி, உண்மையச் சொல்லு. சின்ன வயசுல மொத்தம் எத்தன ஊசி மேல உக்காந்த?"