ஜன்னல் வரைக்கும்

சேதுலட்சுமியின் குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, முழங்காலை மெல்ல மடக்கிக்கொண்டிருந்தாள் ஆஸ்பத்திரி ஆயா அடைக்கலமேரி. திருமயம் பக்கத்துச் செட்டியார் வீட்டு மருமகள் சேதுலட்சுமி. டைபாய்டு காய்ச்சலில் குடல் ஓட்டையாகி, வயிற்றைக் கிழித்துத் தைத்து அன்றோடு நாலு நாள். பிழைப்பாள் என்று வார்டில் யாருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.

அசையாமல் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டிவிடும், காலில் ரத்தம் உறைந்துவிடும் என்று அந்த ஐம்பத்தெட்டாம் வருஷம்தான் மதராஸிலிருந்து புதிதாக வந்த டாக்டரம்மா சொல்லியிருந்தார். நாற்பது கட்டிலுக்கு ரெண்டே நர்ஸ்கள். அதனால் அசைத்துவிடும் வேலை ஆயாவிடம் வந்தது. பதினாறு வருஷமாகத் தரை துடைத்த கை முதல் நாள் எங்கே பிடிப்பது என்று தெரியாமல் தடுமாறியது. மூன்றாம் நாள், எங்கே வலிக்கும், எங்கே வெறும் பயம் என்பதெல்லாம் அந்தக் கைக்குத் தெரிந்துவிட்டது. தையல்மேல் தலையணையை அமுக்கிப் பிடித்து, செட்டியார் வீட்டுப் பெண்களை அழைக்கிற வழக்கப்படி "இருமுங்க ஆச்சி" என்பாள். கிண்ணத்தில் விழுந்த சளியைப் பார்த்துப் பூரித்துப்போன ஒரே ஆள் அந்த ஆஸ்பத்திரியில் அவளாகத்தான் இருக்கும்.

"ஏய், என்ன பண்றே?"

மாமனார் பெரியகருப்பன் வாசலில் நின்றார்.

"உசுருக்குப் போராடுற பிள்ளையப் போட்டு உருட்டுறியே! கூட்டுறவளுக்கு என்ன வைத்தியம்? இன்னைக்கே ஒன்னைய வேலைய விட்டு எடுக்கச் சொல்றேன்."

ஆவூரில் அடைக்கலமேரியின் ரெண்டு பெண்பிள்ளைகள் இந்தச் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறார்கள். ஆனாலும் பிடித்த காலை விடவில்லை.

"எடுக்கச் சொல்லுங்கய்யா. ஆச்சிய இன்னைக்கு நடக்கவைக்கச் சொல்லி டாக்டரம்மா உத்தரவு. அத முடிச்சிட்டுப் போறேன்."

"நடக்கவா!"

"மாமா." சேதுலட்சுமியின் குரல். கல்யாணமாகி நாலு வருஷத்தில் மாமனார் முகம் பார்த்து அவள் பேசியதே இல்லை. "இவுக இருக்கவுந்தான் மூச்சு விடுறேன். நான் நடக்குறேன்."

பெரியகருப்பன் வாசலை விட்டுக் கட்டிலருகே வந்தார்.

அடைக்கலமேரி அவளை நிமிர்த்தி உட்காரவைத்து, தலைசுற்றல் அடங்கும்வரை காத்திருந்து, இடுப்பில் கைகொடுத்து எழுப்பினாள். கையில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் பாட்டிலைக் கம்பியிலிருந்து கழற்றி அவரிடம் நீட்டினாள்.

"பிடிங்கய்யா. தலைக்கு மேல தூக்கிப் பிடிக்கணும். எறக்கிடாதீங்க."

அவர் வாங்கிக்கொண்டார்.

ஒரு எட்டு. ரெண்டு. நாலாவதில் முழங்கால் மடிந்தது. "விடமாட்டேன் ஆச்சி" என்று தன் இடுப்பில் தாங்கிக்கொண்டாள். மற்றக் கட்டில்களில் பெண்கள் முழங்கையூன்றி எழுந்து பார்த்தார்கள். ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸ் அப்படியே நின்றாள். பன்னிரண்டாவது எட்டில் சேதுலட்சுமி ஜன்னல் கம்பியை எட்டிப் பிடித்தாள். வேர்த்திருந்தாள், ஆனால் மூச்சு அடிவயிறு வரை இறங்கி ஏறியது. 'என் கை' என்று நினைத்துக்கொண்டாள் அடைக்கலமேரி. 'இது என் கை செய்தது.' அவள் முதுகு தானாக நிமிர்ந்தது.

"திரும்பிருவமா ஆச்சி?"

"இன்னுங் கொஞ்சம் நிக்கிறேனே."

அவர்களுக்குப் பின்னால், ஈரத்தரையில் நழுவி விழுந்த அங்கவஸ்திரத்தைக் குனிந்து எடுக்கவும் துணியாமல், பாட்டிலை ரெண்டு கையாலும் தலைக்கு மேலே ஏந்தி நின்றார் பெரியகருப்பன்.